முதலில் எர்த் ராடு, அப்புறம் கம்பம்

ஆசிரியருக்கு,

மின்வாரியத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பினாலே பையன்கள் கம்பம் ஏறிப் பழகத் தொடங்கிவிடுகிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. 2019-ல் கேங்மேன் வேலைக்கு அறிவிப்பு வந்தபோது கேட்ட படிப்பு ஐந்தாம் வகுப்பு, தேர்வில் கம்பம் ஏறி கிராஸ் ஆர்ம் (கம்பியைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) மாட்டச் சொன்னார்கள். குழி தோண்டிக் கம்பம் நட அது போதும், சரி. ஆனால் ஆள் பற்றாக்குறையில் அவர்களையே லைன் வேலைக்கும் அனுப்புகிறார்கள் என்று தொழிற்சங்கங்கள் கத்திக்கொண்டே இருக்கின்றன.

லைன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஏறுவதை ஒரு மாதத்தில் பழகிவிடலாம். எல்.சி. (லைன் கிளியர், அதாவது லைனை நிறுத்தி வேலை பார்க்க அனுமதி) வாங்கி, லைனைத் துண்டிக்கிற ஏ.பி. சுவிட்சைத் திறந்து, மூன்று பிளேடும் விலகிவிட்டதா என்று கண்ணால் பார்த்து, பூட்டுப் போட்டு, டெஸ்டர் வைத்து சப்ளை இல்லை என்று தெரிந்துகொண்டு, வேலை நடக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும், தப்பி வரும் மின்சாரத்தைத் தரைக்கு இறக்குகிற எர்த் ராடு மாட்டுவது இருக்கிறதே, அதுதான் தொழில். மாட்டும்போது முதலில் தரைப்பக்கக் கிளாம்ப், பிறகு கம்பி. கழற்றும்போது அப்படியே தலைகீழ். 'சப்ளையைத்தான் நிறுத்தியாச்சே, எர்த் எதுக்கு?' என்று கேட்கிற பையனுக்கு ரிட்டர்ன் சப்ளை பற்றி யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். ஏதோ ஒரு கல்யாண மண்டபத்தில் லைனையும் ஜெனரேட்டரையும் பிரித்து வைக்கிற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரைப் போட்டால் போதும், அது டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத் திரும்பி ஏறி, நிறுத்தி வைத்த 11 கே.வி. (11,000 வோல்ட்) லைனில் வந்து நிற்கும்.

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன், வயர்மேன் இரண்டுமே இரண்டு வருடப் படிப்பு. வீட்டு வயரிங், மோட்டார் வைண்டிங் எல்லாம் நன்றாகவே தெரிந்துகொண்டு வருகிறார்கள், லைன் அனுபவம்தான் குறைவு. மின் நிலையத்துக்குப் போகிறவர்களுக்கு நெய்வேலியில் 1965-லிருந்து பயிற்சி நிறுவனம் இருக்கிறது, பாய்லர் பார்க்கத் தனியாகத் தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். சப்ளை இருக்கும்போதே வேலை பார்க்கிற ஹாட்லைன் பயிற்சிக்குக்கூட பெங்களூரில் மையம் உண்டு. தெருக்கம்பத்தில் ஏறுகிறவனுக்கு மட்டும் மூத்த வயர்மேன் போகிற போக்கில் சொல்வதுதான் பாடம்! இத்தனைக்கும் மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள், பகிர்மானத்தில் வேலை பார்க்கும் டெக்னீஷியனுக்கும் தொழிற்சான்றிதழும் பயிற்சியும் வேண்டும் என்கின்றன.

ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்துக்கும் ஒரு பயிற்சித் திடல் போடுங்கள். நாலு கம்பம், ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஒரு ஏ.பி. சுவிட்ச், சொல்லிக்கொடுக்க ஓய்வுபெற்ற ஃபோர்மேன் ரெண்டு பேர் இருந்தால் போதும். அங்கே தேறாதவரை லைனில் ஏற்றாதீர்கள், ஒப்பந்தத் தொழிலாளிகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற வயர்மேன்,
திருச்சி மாவட்டம்