வெயிலைச் சேமிக்கும் பந்தல்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. புது நிட்டிங் யூனிட்டுக்கு இடம் அமைந்துவிட்டது என்று படித்து மகிழ்ந்தேன். இந்தப் பருவத்தில் நான் மாணவர்களுக்கு நடத்துவது துணியால் எழுப்பும் கட்டடங்களைப் பற்றிய பாடம் என்பதால், உன்னிடம் கேட்கவேண்டியவை நிறையச் சேர்ந்திருக்கின்றன.

2017 கோடையில் நியூயார்க்கின் மோமா பிஎஸ்1 கலைக்கூட முற்றத்தில் கட்டடக் கலைஞர் ஜென்னி சேபின் அமைத்த 'லூமென்' என்ற விதானத்திலிருந்துதான் பாடத்தைத் தொடங்கினேன். பார்வைக்கு நம் ஊர்ப் பந்தல்தான். ஆனால் 10 லட்சம் கெஜத்துக்கும் மேற்பட்ட நூலைக் கணினியின் வழிகாட்டலில் பின்னி உருவாக்கியது. அதில் ஒருவகை நூல் வெயில் பட்டால் நிறம் மாறும். இன்னொரு வகை பகலெல்லாம் ஒளியை உறிஞ்சிவைத்து, இருட்டியபின் மெல்ல உமிழும். மேலிருந்து குழாய்களாகத் தொங்கும் பின்னல்களின் அருகே ஆள் வந்தால் நீர்த்திவலை தூவும்.

நீர் தூவும் சென்சாரை எந்தக் கூரையிலும் மாட்டிவிடலாம். அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஒரு ரோல் முழுவதும் ஒரே ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற ஒரே எடை, வரவேண்டுமென்று நீ பாடுபடுகிறாய். அங்கேயோ எங்கே கண்ணி இறுக வேண்டும், எங்கே தளர வேண்டும், எங்கே துளை விழ வேண்டும் என்பதையெல்லாம் வரைபடத்திலேயே தீர்மானித்து, ஒரே துணிக்குள் இடத்துக்கு இடம் நீட்சி மாறும்படி பின்னுகிறார்கள். கணக்கெல்லாம் அந்தப் பின்னலிலேயே முடிந்துவிடுகிறது. அதன்பின் வெயிலுக்கு மறுமொழி சொல்ல நூலே போதும்.

அதே சேபின் 2019இல் அமெரிக்காவின் ரெட்மண்டில் மைக்ரோசாஃப்ட் ஆய்வுக் கட்டடத்துக்காக 'ஏடா' என்ற பின்னல் அமைப்பைச் செய்தார். கேமராக்கள் அங்குள்ளோரின் முகபாவத்தைப் படிக்க, அதற்கேற்பப் பின்னல் வலையின் ஒளி மாறும். அடையாளங்களை நீக்கியே தரவைப் பயன்படுத்துவதாகச் சொல்கிறார்கள். ஆயினும் முகத்தைப் படிக்கும் கூரையின் கீழ் என்னால் இயல்பாக உட்கார முடியுமா என்பது சந்தேகமே. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஷான் ஆல்குவிஸ்ட் ஆட்டிசம் உள்ள சிறுவர்களுக்காகச் செய்த விளையாட்டுக் கூடாரம் எனக்கு இன்னும் நெருக்கமாக இருக்கிறது. குழந்தை துணியை அழுத்தும் அளவுக்கேற்ப அதன்மேல் விழும் வண்ணங்கள் மாறும். அழுத்துவதா வேண்டாமா என்பது குழந்தையின் விருப்பம்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். ஒளிரும் நூலைக் காலர் பின்னும் உன் பிளாட் மெஷினில் ஓட்டினால் ஊசி தாங்குமா, எந்த கேஜ் (அங்குலத்துக்கு எத்தனை ஊசி என்ற கணக்கு) ஒத்துவரும் என்று உன் நிட்டிங் மாஸ்டரைக் கேட்டு எழுது. முடியுமென்றால் நூலை நான் வாங்கி அனுப்புகிறேன். ஒரு முழ அளவு மாதிரி கிடைத்தாலே மாணவர்களுக்குப் போதும். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராகவன்