பிரேரணைக்கு விளக்கம் எழுதுறது யாரு?

ஆசிரியருக்கு வணக்கம்,

கலிபோர்னியால மக்களே நேரடியா ஓட்டு போட்டு சட்டம் கொண்டு வரலாம், ஆனா அப்படி ஓட்டுக்கு வர்ற சட்ட யோசனைக்கு, அதாவது பிரேரணைக்கு, தலைப்பும் சுருக்கமும் எழுதுறது கட்சிக்காரரா ஜெயிச்சு வந்த அட்டர்னி ஜெனரல், அதாவது மாநில அரசோட தலைமை வக்கீல். 100 வார்த்தைக்குள்ள, எந்தப் பக்கமும் சாயாம எழுதணும்னு சட்டம் இருக்கு, இருந்தும் "வரி கூடும்"னு முதல் வரில போட்டா ஒரு மாதிரி, கடைசில போட்டா வேற மாதிரி, ரெண்டும் உண்மைதான் ஆனா படிக்கிறவங்க மனசு மாறிடுதே. வாக்காளர் கையேடு அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி அதை 20 நாள் பார்வைக்கு வைப்பாங்க, கேஸ் போடலாம், ஆனா தப்புன்னு அழுத்தமா நிரூபிக்கணும், சாதாரண ஆளுக்கு அது முடியுமா சொல்லுங்க. (சட்டமன்றத்தோட கட்சி சாராத நிதி ஆய்வாளரான லெஜிஸ்லேட்டிவ் அனலிஸ்ட் எழுதுற செலவுக் கணக்கு நல்லாவே இருக்கு, அதைச் சொல்லியே ஆகணும்.) பக்கத்து மாநிலமான ஒரேகான்ல பிரேரணைக்கு விளக்கம் எழுத 5 பேர் கமிட்டி, ஆதரவா 2 பேர், எதிர்ப்பா 2 பேர், அஞ்சாவது ஆளை அந்த நாலு பேரே தேர்ந்தெடுக்கலாம். இங்கயும் அப்படி ஒண்ணு வேணும்ங்க.

இப்படிக்கு,
கலிபோர்னியா வாக்காளர் ஒருத்தர்