பாப்கார்ன்: எண்ணெயை அளந்து ஊற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாப்கார்ன் தின்றால் உடம்பு போடுமா என்று இங்கே மும்பையில் செம்பூர், மாட்டுங்கா பக்கம் எடை குறைக்க முயலும் பலரும் கேட்கிறார்கள். எதில் பொரித்தது, எவ்வளவு தின்பது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

30 கிராம் மக்காச்சோளத்தை எண்ணெயே இல்லாமல் பொரித்தால் சுமார் 115 கலோரி, 4 கிராம் நார்ச்சத்து. பெரிய கிண்ணம் நிறைந்துவிடும். 30 கிராம் உருளைக்கிழங்கு சிப்ஸ் ஒரு கைப்பிடிதான், அதற்கே 160 கலோரி. சோளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் சேர்த்தாலே கலோரிக் கணக்கில் சிப்ஸைத் தொட்டுவிடும். ஆனால் கிண்ணம் காலியாக நேரமாகும், வயிறும் நிறையும்.

கெடுப்பது தியேட்டர் வாளி. பனை எண்ணெயோ வனஸ்பதியோ தாராளமாக ஊற்றிப் பொரித்து, மேலே வெண்ணெயும் ஊற்றுகிறார்கள். கேரமல் என்றால் சர்க்கரைப் பாகு வேறு. 2024 டிசம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் உப்பு பாப்கார்னுக்கு ஒரு வரி, கேரமலுக்கு ஒரு வரி என்று பிரித்தபோது ஊரே சிரித்தது. உடம்பைக் கேட்டால் அந்தப் பிரிவினை சரி என்றுதான் சொல்லும். பத்து அல்லது அதற்கு மேல் கிளைகள் உள்ள கடைகள் விலைப்பட்டியலில் கலோரியையும் எழுத வேண்டும் என்பது விதி. கவுன்டரில் அதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வீட்டில் செய்வது பத்து நிமிட வேலை. அடிகனமான பாத்திரத்தில் ஒரு தேக்கரண்டி கடலை எண்ணெய், மூன்றே மூன்று சோள மணிகள். அவை வெடித்ததும் மீதியைப் போட்டு, அடுப்பிலிருந்து அரை நிமிடம் இறக்கி வையுங்கள். எல்லா மணிக்கும் ஒரே சூடு ஏறினால்தான் ஒன்றாக வெடிக்கும். இல்லையென்றால் பாதி கருகி, பாதி வெடிக்காமல் நிற்கும். மறுபடி அடுப்பில் ஏற்றி மூடியைச் சற்றே விலக்கி வையுங்கள். ஆவி போக வழியில்லாவிட்டால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். இரண்டு வெடிச் சத்தத்துக்கு நடுவே இரண்டு விநாடி ஆனதும் அணைத்துவிடலாம்.

மணிக்குள் இருக்கும் 14 சதவீத ஈரம்தான் ஆவியாகி, 180 டிகிரி வாக்கில் தோலை உடைக்கிறது. திறந்து கிடந்த பாக்கெட்டில் ஈரம் காய்ந்துபோயிருக்கும். அரை கிலோவுக்கு இரண்டு தேக்கரண்டி தண்ணீர் தெளித்து, மூடிய பாட்டிலில் குலுக்கி மூன்று நாள் வைத்தால் சரியாகிவிடும். மும்பை மழைக்காலத்தில் தொல்லை நேர்மாறானது: ஈரம் ஏறிய மணி சிறுத்துக் கடினமாகப் பொரியும். காற்றுப் புகாத டப்பா கட்டாயம். (ஜுஹூ கடற்கரையில் சுட்டு விற்கும் புட்டா, அதாவது பச்சைச் சோளக்கதிர், பொரியாது, அது வேறு ரகம்.)

உப்பை மிக்ஸியில் நைஸாக அரைத்துத் தூவினால் நன்றாக ஒட்டும், கால் தேக்கரண்டிக்கும் குறைவாகவே போதும். வெண்ணெயில் தண்ணீர் இருப்பதால் பொரி நமுத்துவிடும். வாசனைக்கு அரைத் தேக்கரண்டி நெய் விட்டு மிளகுத்தூள் போடுங்கள். சர்க்கரை நோயாளிகள் பாப்கார்னையும் மாவுச்சத்துக் கணக்கில் சேர்க்க வேண்டும். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. தொண்டையில் சிக்கி மூச்சடைக்கும்.

இப்படிக்கு,
ஓர் உணவியல் ஆலோசகர்,
செம்பூர், மும்பை