தன்முனைப்பு முகாம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மலேசியாவின் பினாங்கில், ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்.பி.எம். பொதுத்தேர்வு மாணவர்களுக்காகத் தன்முனைப்பு (மோட்டிவேஷன்) முகாம் நடத்தும் ஆலய நிர்வாகத்தினருக்கும் பொது இயக்கத்தினருக்கும் வணக்கம்.

நான் பிறையில் டியூஷன் எடுப்பவள். என் மாணவர்கள் ஆண்டுதோறும் உங்கள் முகாம்களுக்கு வருகிறார்கள். மண்டபம் பிடிப்பது, நன்கொடை திரட்டுவது, அத்தனை பேருக்கும் சாப்பாடு போடுவது எல்லாமே எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். அந்த நன்றியோடுதான் கேட்கிறேன். முகாமின் கடைசிப் பகுதியை மாற்றுங்கள்.

எந்தப் பகுதி என்று உங்களுக்கே தெரியும். விளக்கை அணைத்து, சோக இசையை ஓடவிட்டு, பேச்சாளர் மைக்கில் ஆரம்பிப்பார். "கண்ணை மூடு. அம்மாவின் கையை நினைத்துப் பார். உனக்காக அப்பா எத்தனை நாள் ஓவர்டைம் செய்தார்?" முன்வரிசையில் ஒரு பிள்ளை விம்மும். கொஞ்ச நேரத்தில் மண்டபமே அழும். அப்புறம் பெற்றோரை நாற்காலியில் உட்காரவைத்துப் பாத பூசை. பெற்றோரை வணங்குவதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் ஏற்கெனவே தூக்கம் வராமல் தவிக்கும் 17 வயதுப் பிள்ளையின் காதில் அந்த அரை மணி நேரமும் விழுவது ஒன்றுதான்: நீ தோற்றால் இவர்கள் பட்ட பாடெல்லாம் வீண்.

இன்று ஐந்தாம் படிவத்தில் இருப்பவர்கள் இதற்குமுன் பொதுத்தேர்வு எழுதியதே இல்லை. ஆறாம் ஆண்டில் எழுதும் யு.பி.எஸ்.ஆர். 2021-இல் நிறுத்தப்பட்டது, மூன்றாம் படிவத்தில் எழுதும் பி.டி.3 2022-இல் நிறுத்தப்பட்டது. நல்ல முடிவுகள்தாம். ஆனாலும் பல்கலைக்கழகத்துக்கு முந்திய மெட்ரிகுலேஷன், ஆறாம் படிவம், உபகாரச் சம்பளம் என எல்லாவற்றுக்கும் வாசல், அவர்கள் எழுதும் முதல் பொதுத்தேர்வாகவே இருக்கிறது.

பிள்ளைகள் யாரும் "எனக்கு மன அழுத்தம்" என்று வந்து சொல்வதில்லை. "டீச்சர், வயிறு வலிக்குது" என்பார்கள். என்னிடம் படித்த ஒரு மாணவிக்கு ஞாயிறு மாலையானால் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். கேஸ்ட்ரிக் என்று கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். பள்ளி விடுமுறையில் மாத்திரை இல்லாமலே வலி நின்றது. பள்ளி திறந்ததும் திரும்ப வந்தது. அதற்குப் பிறகுதான் அவள் அம்மா உட்கார்ந்து பேசினார். பையன்கள் வேறு மாதிரி. எரிந்து விழுவார்கள், கதவைச் சாத்திக்கொண்டு விடியும்வரை கேம் விளையாடுவார்கள், உயிராக நினைத்த ஃபுட்சாலுக்குக்கூடப் போகமாட்டார்கள். வீட்டில் அதைத் திமிர் என்பார்கள். தேர்வு நேரப் பதற்றம் எல்லாருக்கும் வரும், முடிந்ததும் போய்விடும். இப்படிப்பட்ட மாற்றங்கள் இரண்டு வாரம் தாண்டியும் விடவில்லை என்றால் யாரிடமாவது சொல்லியாக வேண்டும். இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்கே கற்றுக்கொடுக்கலாம்.

சுகாதார அமைச்சு 2022-இல் இடைநிலைப்பள்ளி மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் தெரிந்தன. அந்தக் கணக்குப்படி, 200 பேர் உட்காரும் மண்டபத்தில் 50 பேர். விளக்கை அணைக்கும்போது அந்த 50 பேர் யார் என்று பேச்சாளருக்குத் தெரியாது.

அழவைப்பதற்குப் பதிலாக வேறு சில விஷயங்களைச் சொல்லிக்கொடுங்கள். நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுவது. வெளிவிடும் மூச்சு நீளும்போது நெஞ்சுத் துடிப்பு தணியும். கேள்வித்தாளைத் திருப்புவதற்கு முன், பக்கத்து மேசைக்குத் தெரியாமலே செய்யலாம். அடுத்தது தூக்கம். இந்த வயதில் குறைந்தது எட்டு மணி நேரம் வேண்டும். படித்தது மனத்தில் நன்றாகப் பதியவும் தூக்கம் வேண்டும். "விடிய விடியப் படித்தேன்" என்று மேடையில் பெருமை பேசும் பழைய மாணவரைத் தயவுசெய்து அழைக்காதீர்கள்.

பள்ளியில் ஆலோசக ஆசிரியர் இருக்கிறார். ஆனால் அந்த அறைக்குப் போனால் 'ரெக்கார்டில்' ஏறிவிடும் என்று நம் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். தமிழ் பேசும் ஆலோசக ஆசிரியர் ஒருவரை மேடைக்கே அழைத்து வந்தால், முகம் பழகிவிடும். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் லைன் 15555, மகளிர் அமைச்சின் உதவி எண்ணான தாலியான் காசே 15999 ஆகியவற்றைக் கையேட்டின் அட்டையிலேயே அச்சிடுங்கள். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த, குற்றவியல் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. உதவி கேட்டால் வழக்குப் போடுவார்கள் என்ற பயம் இனி எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது அவர்கள் வெளியே தேநீர் குடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். அந்த நேரத்தில் அவர்களிடம் பேசலாம். "எத்தனை ஏ வரும்?" என்று கேட்கும் வாய், "நேத்து எத்தனை மணிக்குத் தூங்கினே?" என்றும் கேட்கட்டும்.

இந்த ஆண்டு நிகழ்ச்சி நிரல் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்றால், காலைத் தேநீருக்குப் பிறகு, பிள்ளைகள் களைப்பில்லாமல் இருக்கும் நேரத்தில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஆலோசக ஆசிரியர்களைப் பார்த்துப் பேசி அழைத்துவரும் வேலையை நானும் எனக்குத் தெரிந்த ஆசிரியர்களும் ஏற்றுக்கொள்கிறோம்.

அன்புடன்,
பிறையிலிருந்து ஒரு டியூஷன் ஆசிரியை