'பாவம்' என்று சொல்ல ஆளில்லாத ஊர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில், துக்கத்தில் இருப்பவர்களுக்கு உலகப் பயணமே மருந்து என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. மறுவாரமே அதற்குக் கும்பகோணம் வாசகர் ஒருவர் சுடச்சுட மறுப்பு எழுதியிருந்தார். இரண்டையும் படித்தேன். இங்கே, இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரெயூனியன் தீவில், தமிழ்ப் பத்திரிகை கடையில் கிடைக்காது. காரைக்காலில் இருக்கும் என் அண்ணி பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்புவார். சில சமயம் அவருடைய கட்டைவிரலும் சேர்ந்தே வரும்.

விமானம் ஏறினால் மனம் ஆறிவிடும் என்கிறார் கட்டுரை எழுதியவர். அதெல்லாம் காசுள்ளவர்கள் பொழுதுபோக்கு, வீட்டில் விளக்கேற்றி உட்கார்ந்தாலே மனம் ஆறும் என்கிறார் கும்பகோணத்துக்காரர். இரண்டு பேருக்கும் அப்படிப்பட்ட துக்கம் எதுவும் நேர்ந்ததில்லை என்று நினைக்கிறேன். நேராமலே இருக்கட்டும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். பிறந்தது காரைக்கால். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். 'சொல்தா வீடு', அதாவது சிப்பாய் வீடு, என்றால் எங்கள் தெருவில் சின்னப் பிள்ளையும் வழி காட்டும். 1962-இல் புதுச்சேரியும் காரைக்காலும் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது அவர் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார். அந்தத் தொடர்பில்தான் எனக்கு இந்தத் தீவில் சம்பந்தம் அமைந்தது. சேந்த்-ஆந்த்ரே என்ற ஊரில் இருக்கிறேன். ஒரு பள்ளிக்கூட உணவகத்தில் சமையல் வேலை. சுற்றிலும் தமிழ் முகங்கள்தான். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வம்சம். தீமிதியும் காவடியும் இன்றும் நடக்கின்றன, பேச்சு மட்டும் கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர் மொழி. சனிக்கிழமைகளில் கோயிலில் பிள்ளைகளுக்கு நான் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன்.

இந்தத் தீவின் நடுவில் சிலாவோஸ் என்று ஒரு மலையூர் இருக்கிறது. அதற்குப் போகும் பாதையை '400 வளைவுச் சாலை' என்றே சொல்வார்கள். 2017-இல் ஒரு மழை நாளில் அந்தச் சாலையில் எங்கள் கார் விபத்தில் சிக்கியது. என் கணவர் அங்கேயே போய்விட்டார். எனக்குக் காறை எலும்பு முறிந்ததோடு சரி. அந்த நாளைப் பற்றி இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

எலும்பு கூடிவிட்டது. ஆனால் காரில் உட்கார முடியவில்லை. முன்சீட்டில் உட்கார்ந்தால் என் வலது கால் தானாகவே தரையை அழுத்தும், அங்கே ஏதோ பிரேக் இருக்கிற மாதிரி. ஒவ்வொரு வளைவிலும் அழுத்தி அழுத்தி, மறுநாள் கெண்டைக்காலைத் தொட முடியாத அளவுக்கு வலிக்கும். பின்சீட்டு இன்னும் மோசம், வாந்தி வந்துவிடும். பஸ்ஸில் ஏறினால் பாதியில் இறங்கிவிடுவேன். வேலைக்கு நடந்தே போய்வந்தேன்.

தங்கள் கட்டுரையாளர் விட்டுவிட்ட ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். நான் முதலில் போனது உளவியல் நிபுணரிடம். இன்ஜின் ஓடாத காரில் கதவைத் திறந்து வைத்து உட்காருவது, அப்புறம் கதவை மூடிக்கொள்வது, அப்புறம் இன்ஜினை ஓடவிடுவது என்று படிப்படியாகப் பழக்கியது அந்த அம்மாள்தான். அது இல்லாமல் நான் விமான நிலையம் வரைகூடப் போயிருக்க மாட்டேன். மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள் டிக்கெட் எடுக்க ஓட வேண்டாம்.

அந்த நிபுணர் கை வைக்க முடியாத ஒன்று இருந்தது. அது ஊர். கடையில் ரொட்டி வாங்கப் போனால் முன்னால் நிற்பவர் திரும்பிப் பார்த்து "போவ் மதாம்" என்பார். பாவம் அம்மா என்று அர்த்தம். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் நான் தக்காளி வாங்கினாலும் விபத்துக்காரி, சிரித்தாலும் விபத்துக்காரி. சரி, காரைக்காலுக்குப் போனால் அங்கே வேறு விதம். அண்ணன் மகள் கல்யாணத்தில் மாலை எடுத்துக்கொடுக்கும் நேரம், "நீ கொஞ்சம் பின்னால் உட்காரும்மா" என்றார் என் அம்மா. அவரும் அழுதுகொண்டேதான் சொன்னார்.

நான் ஊரை விட்டுக் கிளம்பியதற்குக் காரணம் தாஜ்மகாலும் ஈபிள் கோபுரமும் இல்லை. என் கதை தெரியாத மனிதர்கள் எனக்குத் தேவைப்பட்டார்கள்.

முதலில் போனது இதே தீவுக்குள்தான். மாஃபாத் என்ற பள்ளத்தாக்குக்குச் சாலையே கிடையாது. நடந்து போகலாம், இல்லாவிட்டால் ஹெலிகாப்டர். அரிசி மூட்டையும் கேஸ் சிலிண்டரும் ஹெலிகாப்டரில்தான் இறங்கும். அந்தக் காலத்தில் அடிமைத்தளையிலிருந்து தப்பி ஓடியவர்கள் ஒளிந்து வாழ்ந்த இடம். கார் வர முடியாத ஊர் என்பதுதான் எனக்கு அதன் பெருமை. மலையடிவாரம் வரை வாகனத்தில் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கணவாயில் இறங்கி நடக்க ஆரம்பித்ததும் தலை நிமிர்ந்தது. லா நூவெல் என்ற குடியிருப்பில் ஒரு பாட்டி வீட்டில் தங்கல். சோறு, பருப்பு, தக்காளி ருகாய் என்கிற காரச் சட்னி. என்ன வேலை, எத்தனை பிள்ளைகள், கணவர் என்ன செய்கிறார், எதையும் கேட்கவில்லை. தட்டை எடுக்கும்போது ஒன்றே ஒன்று கேட்டார்: "நாளைக்கு எந்தப் பக்கம்?" நான் அதை யோசிக்கவே இல்லை. மார்லா பக்கம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "அப்படியானால் ஆறு மணிக்குக் கிளம்பு, பத்துக்கு மேல் மேகம் இறங்கிவிடும்" என்றார். எத்தனையோ மாதம் கழித்து ஒருவர் என்னிடம் அடுத்த நாளைப் பற்றிப் பேசினார்.

அதன்பிறகு தைரியம் வந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். பயம் அப்படியேதான் இருந்தது. ஆனால் பயத்தோடு எங்கே போகலாம், எங்கே முடியாது என்று கணக்குப் போடக் கற்றுக்கொண்டேன். ரயில் இருக்கிற ஊராகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். எங்கள் தீவில் பயணி ரயில் என்பதே இல்லை, அதனால் ரயிலோடு எனக்குக் கெட்ட நினைவு எதுவும் கிடையாது. பள்ளி விடுமுறை இங்கே டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி கடைசி வரை நீளும். அதில்தான் போவேன். இங்கிருந்து பாங்காக்குக்கு நேரடி விமானம் உண்டு. பையில் பருப்புப் பொடி ஒரு டப்பா, எலுமிச்சை ஊறுகாய் ஒன்று. தங்குவது பெண்கள் மட்டும் படுக்கும் பொது அறையில், மாடிக்கட்டிலில் கீழ்ப்படுக்கை. என் வயதுக்கு அங்கே இருந்த பிள்ளைகள் எல்லாம் என் மகள்கள் மாதிரி. குறட்டையைப் பற்றி மட்டும் அவர்கள் என்னிடம் புகார் சொன்னதுண்டு.

வியட்நாமின் ஹனோய் நகரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நான் மிகவும் பயந்த ஊர் அது. ஹோன் கியெம் ஏரியின் வடக்கு முனையில் பல தெருக்கள் ஒன்றாகக் கூடுகின்றன. மோட்டார் சைக்கிள்கள் நான்கு பக்கமும் பெருகி வரும். நிற்கவே நிற்காது. முதல் நாள் அந்த ஓரத்தில் நின்று நின்று பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பிவிட்டேன். சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த கடையில் சோறு இருந்தது, இந்தப் பக்கம் இல்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பாடு ஊறுகாயும் பிஸ்கட்டும். விடுதிப் பையன் மறுநாள் காலையில் வாசலில் நடந்தே காட்டினான்: ஓடக்கூடாது, நடுவில் நிற்கக்கூடாது, பின்வாங்கவே கூடாது. ஒரே வேகத்தில் போய்க்கொண்டே இரு, வண்டிக்காரன் உன்னைப் பார்த்து ஒதுங்கிப் போவான்.

தோளில் காவடி போல் இரண்டு கூடை தொங்கவிட்டு ஓர் அம்மாள் இறங்கினார். நான் அவர் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு பின்னாலேயே இறங்கிவிட்டேன். பாதி தூரத்தில் அவர் கூடையைத் தோள் மாற்றினார், நடை மட்டும் தளரவில்லை. நான் அப்போதுதான் பக்கவாட்டில் பார்த்தேன். ஒரு வண்டியில் அப்பா, அம்மா, நடுவில் ஒரு குழந்தை. ஓட்டி வந்தவர் என் முகத்தைப் பார்த்தார், என் பின்னால் வளைந்து போனார். அடுத்தவரும் பார்த்தார். விபத்துக்குப் பின் எதிரே வருகிற வண்டி ஒவ்வொன்றும் என்னைக் கொல்ல வருவதாகவே நினைத்திருந்தேன். அதற்குள் ஓர் ஆள் இருப்பான், அவனும் மோதிவிடக் கூடாதே என்று பார்த்துக்கொண்டுதான் வருகிறான் என்பதே மறந்துபோயிருந்தது. அன்றைக்கு அந்தச் சாலையை வேண்டுமென்றே திரும்பத் திரும்பக் கடந்தேன். ஏரியோரம் உட்கார்ந்திருந்த கிழவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

அடுத்த விடுமுறையில் ஹிரோஷிமா. 1945 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அங்கே அணுகுண்டு விழுந்தது. 9-ஆம் தேதியே ஒரு சிறு தூரத்துக்கு டிராம் மறுபடி ஓடியது. ஆண்கள் போருக்குப் போயிருந்ததால் டிராம்களில் வேலை பார்த்தவர்களில் பதின்வயதுப் பெண்பிள்ளைகள் நிறைய. குண்டில் சிக்கிய டிராம் பெட்டிகளில் 651, 652 என்ற எண் கொண்ட இரண்டும் அந்நகரத் தெருக்களில் ஓடுவதாகப் படித்தே நான் அங்கே போனேன். காலைக் கூட்ட நேரத்தில் எனக்கு 652 கிடைத்தது. டிராம் ஓடுவது கார்களுக்கு நடுவே. ஓட்டுநருக்குப் பின்னால் நின்றேன். வெள்ளைக் கையுறை போட்ட கையை நீட்டி ஒவ்வொரு சிக்னலையும் சுட்டிக்காட்டி, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போனார். என் கால் தரையை அழுத்தத்தான் செய்தது. ஆனாலும் பாதியில் இறங்கவில்லை.

அங்குள்ள நினைவு அருங்காட்சியகத்தில் துருப்பிடித்த மூன்று சக்கர சைக்கிள் ஒன்று இருக்கிறது. அதை ஓட்டி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைக்கு நான்கு வயதுகூட நிரம்பவில்லை. குண்டு விழுந்த அன்றே இறந்துவிட்டான். தகப்பனார் அவனை வீட்டுக் கொல்லையில் சைக்கிளோடு சேர்த்தே புதைத்தார். நாற்பது ஆண்டு கழித்து, 1985-இல்தான், எலும்புகளைக் குடும்பக் கல்லறைக்கு மாற்றிவிட்டு சைக்கிளை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். என் கணவரின் சட்டைகள் அப்போதும் எங்கள் அலமாரியில் மடித்தபடியே இருந்தன. "இன்னுமா வைத்திருக்கிறாய், யாருக்காவது கொடுத்துவிடு அண்ணி" என்று நாத்தனார் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். ஊருக்குத் திரும்பியதும் அவளிடம் சொன்னேன்: நாற்பது வருஷம் ஆகட்டும், பார்க்கலாம். அதன்பின் அவள் கேட்பதில்லை.

இதற்கெல்லாம் ஜப்பான் வரை போக வேண்டுமா என்று கும்பகோணத்துக்காரர் கேட்பார். வேண்டியதில்லைதான். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். காரைக்கால் குப்பங்களிலும் சாவு விழாத தெரு இல்லை. அங்கே மீன் விற்கும் ஒரு பெண்மணியை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும், பேரனைப் பறிகொடுத்தவர். வருஷா வருஷம் அவரிடம் வஞ்சிரம் வாங்கியும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஹிரோஷிமா போய்வந்த பிறகுதான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். நெடுநேரம் பேசினார். நடுவே வாடிக்கை வந்தால் எழுந்து மீன் வெட்டிக் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

காசு விஷயத்தில் கும்பகோணத்துக்காரர் சொல்வதை நான் மறுக்கவில்லை. சமையல்காரி சம்பளம் என்றாலும் பிரெஞ்சுச் சம்பளம். கையில் சிவப்புக் கடவுச்சீட்டு, ஜப்பானுக்கு விசா கேட்கவில்லை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் பெண்ணுக்கு நடையாய் நடக்க வேண்டியிருக்கும், தெரியும். ஆனால் நேபாளத்துக்கு இந்தியர்களுக்கு விசாவே வேண்டாம். அதுவும் முடியாதென்றால் தெரியாத ஊர் தமிழ்நாட்டிலேயே இல்லையா? அவர் சொன்ன இன்னொன்றைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. துக்கக்காரி ஊர் சுற்றினால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டிருக்கிறார். பார்ப்பவர்கள் நினைப்பதைச் சுமக்க முடியாமல்தானே ஐயா கிளம்புகிறோம்?

அதே பக்கத்தில் தஞ்சாவூரிலிருந்து ஒரு தாய் சுருக்கமாக ஒரு கடிதம் எழுதியிருந்தார். விபத்தில் கணவனை இழந்த மகள் தனியாக வெளியூர் போக வேண்டும் என்கிறாள், அனுப்பலாமா என்று. யாரும் பதில் எழுதியதாகத் தெரியவில்லை. அவருக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அனுப்புங்கள் அம்மா. முதல் தடவை பக்கத்து ஊராக இருக்கட்டும், ரயிலில் போகட்டும். ராத்திரி ஒரு போன் செய்தால் போதும் என்று பேசிக்கொள்ளுங்கள். மணிக்கு ஒரு தரம் கூப்பிடாதீர்கள். துணைக்குத் தம்பியை அனுப்ப வேண்டாம். அவன் போனால் டிக்கெட் எடுப்பதும் வழி கேட்பதும் அவனாகிவிடுவான். திரும்பி வந்ததும் அழுதாயா, தூங்கினாயா என்று விசாரிக்காமல், அடுத்து எந்த ஊர் என்று கேளுங்கள். மருத்துவர் மாத்திரை கொடுத்திருந்தால் அதை மட்டும் பையில் எடுத்து வைத்தாளா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
காரைக்கால் வாசகி,
சேந்த்-ஆந்த்ரே, ரெயூனியன் தீவு