சாப்பாட்டு மேசையை ஷா ஆலாம் வரை நாம் ஏன் தூக்கிக்கொண்டு போக வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது இணையத்தில் ஒரு சாப்பாட்டு மேசையும் ஆறு நாற்காலிகளும் வாங்கினேன். விலை 1,290 ரிங்கிட், லோரிக் கூலி தனியாக 80. விற்பவரின் பக்கத்தில் ‘முழு ரப்பர் மரம்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அதை நம்பித்தான் வாங்கினேன், இல்லையென்றால் பாதி விலைக்கே வேறு மேசைகள் இருந்தன.

சாமான் வந்தது வேலை நாளில். நான் வேலைக்குப் போயிருந்தேன், வீட்டில் அப்பா மட்டும். கொண்டுவந்த பையன்கள் பொருத்திவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, “இதை என்ன மரம்னு சொல்லி வித்தாங்க?”

அப்பா சுங்கை பட்டாணி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பால் வெட்டியவர். பால்மரம், அதாவது ரப்பர் மரம், வயதாகிப் பால் குறைந்ததும் வெட்டிச் சாய்த்து, அந்தக் கட்டை மூவார் பக்கம் நாற்காலி, மேசை செய்யப் போகிற கதையெல்லாம் அவருக்கு மனப்பாடம். மேசைக்கு அடியில் கையை விட்டுத் தடவினார், ஒரு மூலையில் நகத்தை வைத்துக் கீறினார். மேலே ஒட்டியிருந்த தாள் வாழைப்பட்டை மாதிரி உரிந்து வந்தது. “இது பால்மரம் இல்லம்மா, மரத்தூளை அமுக்கி ஒட்டியிருக்கான்” என்றார். அப்புறம் நானும் குனிந்து பார்த்தேன். மேசையின் மேல்பக்கம் மரக்கணு மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி, அதே புள்ளி ஒரு சாண் தள்ளி இன்னொரு தடவை, அதே அளவு தள்ளி மூன்றாவது தடவை. மரத்தில் இப்படி வராது, அச்சடித்த தாளில்தான் வரும். ஒரு கால் அதற்குள்ளேயே ஆட ஆரம்பித்திருந்தது, திருகாணி இறங்கிய இடத்திலிருந்து பழுப்புத் தூள் கீழே மொசைக் தரையில் உதிர்ந்து கிடந்தது. ஆறு நாற்காலிகளில் இரண்டிலும் இதே கதை.

அன்றைக்கு ராத்திரியே படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. பொருத்திய சாமானைத் திரும்ப எடுப்பதில்லையாம். ‘நல்லெண்ணத்துக்காக’ எடுக்க வேண்டுமென்றால் கோலாலம்பூர் பக்கம் ஷா ஆலாமில் இருக்கும் அவர்கள் கிடங்குக்கு என் செலவில் கொண்டுவந்து சேர்க்க வேண்டுமாம், அதற்கும் மேல் விலையில் 20 விழுக்காடு பிடித்துக்கொள்வார்களாம். நான் இருப்பது பினாங்கு ஆயர் ஈத்தாமில், அடுக்குமாடி வீட்டில். லோரிக்காரர் ஒருவரைக் கேட்டேன், ஆள் கூலியோடு 650 வெள்ளி (ரிங்கிட்) என்றார். 20 விழுக்காடு என்றால் 258. ஆக 1,290இல் என் கைக்கு வரப்போவது 382, அந்த 80 வெள்ளியும் போச்சு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம் ஆட்கள் பலர், சரி விடு, கிடக்கட்டும் என்று ஆடுகிற காலுக்குக் கீழே அட்டையை மடித்து வைத்துவிட்டு இருந்துவிடுகிறார்கள். விற்பவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும். பெரிய சாமானைத் திருப்பி அனுப்புகிற செலவே அவர்களுக்குக் காவல்.

ஆனால் இந்த நாட்டுச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 45ஆவது பிரிவை ஒரு தடவை படித்துப் பாருங்கள். குறையுள்ள பொருளை வேண்டாம் என்று மறுக்கிறவர் அதை விற்றவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அதோடு நிற்கவில்லை. குறையின் தன்மையாலோ, பொருளின் அளவு, உயரத்தாலோ, அது பொருத்தப்பட்டிருக்கும் விதத்தாலோ, பெரிய செலவில்லாமல் வாங்கியவர் அதைக் கழற்றவோ கொண்டுபோகவோ முடியாது என்றால், விற்றவரே தன் செலவில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. சாப்பாட்டு மேசை, சோபா, அலமாரி, கட்டில் எல்லாம் இதில் அடங்காமல் வேறு எது அடங்கும்? இந்த ஒரு வரி தெரியாமல் எத்தனை வீட்டில் எத்தனை பேர் லோரிக்குக் காசு கொடுத்தார்களோ, நினைத்தாலே வயிறு எரிகிறது.

‘எங்கள் விதிமுறையில் அப்படிப் போட்டிருக்கிறோம், நீங்களும் சம்மதம் என்று அழுத்தினீர்கள்’ என்றார்கள் என்னிடம். அதற்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது, 6ஆவது பிரிவு. ஒப்பந்தத்தில் என்ன எழுதினாலும் இந்தச் சட்டம் தரும் உரிமையை அதனால் பறிக்க முடியாது. இன்னொன்று, இணையத்தில் வாங்கினால் இந்தச் சட்டம் பொருந்தாது என்று இன்னமும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது முன்பு. 2007இல் சட்டத்தைத் திருத்தி மின்வணிகத்தையும் உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள்.

என் விஷயத்தில் குறை என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாவற்றுக்கும் இந்த உரிமை கிடையாது. விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், சொன்ன விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும், இவை இரண்டும் சட்டமே தரும் உத்தரவாதம். கடைக்காரர் தனியாக வாரண்டி அட்டை தந்தாரா இல்லையா என்பது வேறு பேச்சு. ரப்பர் மரம் என்று சொல்லி மரத்தூள் பலகையைக் கொடுத்தால் அது விவரத்திலிருந்து பெரிதும் மாறுபட்ட பொருள். அப்படிப்பட்ட குறைக்கு, ‘ஆள் அனுப்பி ஒட்டித் தருகிறோம்’ என்பதை நாம் ஏற்க வேண்டியதில்லை, பொருளையே மறுக்கலாம். மறுத்தபின் பணமா, அதே வகையில் வேறு பொருளா என்பதும் நம் விருப்பம். அடுத்த தடவை கழித்துக்கொள்ளுங்கள் என்று நீட்டுகிற கூப்பனை வாங்கிக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை.

ஆனால் வண்ணம் பிடிக்கவில்லை, மாமியார் வேண்டாம் என்றுவிட்டார், வேறு இடத்தில் மலிவாகப் பார்த்துவிட்டோம் என்றால் அதற்குச் சட்டம் துணைக்கு வராது. அங்கே கடையின் விதிமுறைதான் பேசும். எங்கள் மாடியிலேயே ஒரு அக்கா மூன்று பேர் உட்காரும் சோபா வாங்கினார், லிப்டுக்குள் நுழையவில்லை, படிக்கட்டுத் திருப்பத்திலும் திரும்பவில்லை. பக்கத்தில் போட்டிருந்த அளவும் வந்த சோபாவின் அளவும் ஒன்றுதான். அது விற்றவர் தப்பு இல்லை. வாங்குவதற்கு முன்னால் வீட்டுக் கதவை மட்டும் அளக்காதீர்கள், லிப்டையும் அளந்துவிடுங்கள்.

அதேபோல் நாளைக் கடத்தக்கூடாது. குறை வெளியே தெரிந்திருக்க வேண்டிய நியாயமான காலத்துக்குள் சொல்லாவிட்டால் மறுக்கும் உரிமை போய்விடும். தீபாவளி முடியட்டும், அதுவரை விருந்தாளிகள் சாப்பிடட்டும் என்று வைத்திருந்துவிட்டுப் பிறகு கேட்டால் நம் பக்கம் பலவீனமாகும். நாங்கள் மேசையைச் சுவரோரம் தள்ளி, மேலே துணி போட்டு மூடி வைத்துவிட்டோம். தீபாவளியன்று வந்தவர்கள் எல்லோரும் தரையில் பாய் விரித்துத்தான் சாப்பிட்டார்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி, அவர் மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். புது மேசை வாங்கியதே அவருக்காகத்தான்.

சரி, அப்புறம் என்ன செய்தேன்? மலாயில் ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். எந்தத் தேதியில் வாங்கினேன், என்ன விவரம் போட்டிருந்தார்கள், என்ன வந்தது, 45ஆவது பிரிவுப்படி பொருளை மறுக்கிறேன், 14 நாளுக்குள் வந்து எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் தர வேண்டும், இவ்வளவுதான். அவர்கள் பக்கத்தில் ‘முழு ரப்பர் மரம்’ என்று இருந்ததை முதல் நாளே கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன், அதையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அந்தப் படம் மட்டும் இல்லையென்றால் நான் தோற்றிருப்பேன், ஏனென்றால் பத்து நாள் கழித்துப் பார்த்தால் அந்த இடத்தில் ‘ரப்பர் மர வண்ணம்’ என்று மாற்றியிருந்தார்கள்.

14 நாள் போயிற்று, பதில் இல்லை. மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட்டேன். இதற்கு வக்கீல் வேண்டாம், சொல்லப்போனால் வக்கீலை வைத்துக்கொள்ளவே அங்கே அனுமதி இல்லை, அந்தப் பக்கமும் வக்கீலோடு வர முடியாது. கட்டணம் 5 ரிங்கிட். ஆமாம், ஐந்து வெள்ளிதான், ஒரு தே தாரேக் டீக்கும் ரொட்டி சானாய்க்கும் ஆகிற காசு. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைக் கொண்டுபோகலாம், விஷயம் நடந்து மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். முதல் பாரத்தை, அதாவது படிவத்தை, நிரப்பி, முத்திரை வாங்கி, ஒரு பிரதியை எதிர்த்தரப்புக்கு நாமே சேர்ப்பிக்க வேண்டும், அவர்கள் 14 நாளுக்குள் இரண்டாம் பாரத்தில் பதில் சொல்ல வேண்டும். இணையத்திலும் மனு போடலாம். தீர்ப்பாயம் ஒரு தீர்ப்புச் சொல்லி, 14 நாளுக்குள் அதன்படி நடக்கவில்லை என்றால் அது குற்றம், தண்டனை உண்டு.

என் வழக்கு விசாரணை வரைக்கும் போகவில்லை. பாரம் அவர்கள் கைக்குப் போன வாரமே தொலைபேசி வந்தது, அதுவரை வாட்ஸ்அப்பில் நீலக்குறி மட்டும் காட்டிக்கொண்டிருந்தவர்கள் ‘மேடம்’ போட்டுப் பேசினார்கள். லோரி வந்தது, மேசையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள், 1,370 ரிங்கிட்டும் கணக்கில் விழுந்தது. பணம் விழுந்ததைப் பார்த்த பிறகுதான் மனுவை மீட்டுக்கொண்டேன், அதற்கு முன்னால் மீட்கச் சொல்லி எவ்வளவோ கேட்டார்கள்.

வாசகர்களுக்கு இரண்டு மூன்று விஷயம் சொல்ல ஆசை. வாங்கும் முன்னால் விற்பவரின் பதிவுப் பெயர், எஸ்.எஸ்.எம். (நிறுவனப் பதிவு) எண், முகவரி பக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். மின்வணிக விதிமுறைப்படி விற்பவர் யார், எப்படித் தொடர்புகொள்வது, லோரிக் கூலியோடு மொத்த விலை என்ன என்பதையெல்லாம் அவர்கள் வெளிப்படையாகப் போட்டாக வேண்டும். முகவரியே இல்லாத ஆளுக்கு நாளைக்குத் தீர்ப்பாயத்துப் பாரத்தை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? ஷோப்பி, லசாடா மாதிரி தளங்களில் வாங்கினால் பெட்டியைப் பிரித்து, பொருத்தி, ஆட்டிப் பார்க்காமல் ‘பெற்றுக்கொண்டேன்’ என்பதை அழுத்தாதீர்கள், அதை அழுத்தினால் பணம் விற்பவருக்குப் போய்விடும். கொண்டுவந்து தருகிற பையன் நீட்டும் தாளில் நல்ல நிலையில் பெற்றேன் என்று மலாயில் அச்சடித்திருப்பார்கள், கையெழுத்துக்குப் பக்கத்திலேயே ‘பெலும் டிபெரிக்சா’, அதாவது இன்னும் சோதிக்கவில்லை, என்று கையால் எழுதுங்கள். அப்பாவுக்கு இது தெரியாது, யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. அவர் அப்படியே கையெழுத்துப் போட்டுவிட்டு, தன்னால்தான் பணம் போயிற்று என்று இரண்டு மாதம் மருகிக்கொண்டிருந்தார்.

எழுதத் தயக்கமாக இருந்தால், மலாய் வராது என்று பயமாக இருந்தால், பினாங்கில் நமக்குப் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. காலஞ்சென்ற எஸ்.எம். முகமது இத்ரிஸ் பல பத்தாண்டுகள் தலைமையேற்று வளர்த்த சங்கம் அது. தோட்டத்து மக்களுக்காகவும் மீனவர்களுக்காகவும் அவர்கள் பேசியதைக் கேட்டு வளர்ந்தவள் நான். தலைநகர்ப் பக்கம் இருப்பவர்கள் தேசியப் பயனீட்டாளர் புகார் மையத்தை நாடலாம். கடை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும், இந்தச் சட்டம் வழக்கமாக வீட்டு உபயோகத்துக்கு வாங்குகிற பொருள்களுக்குத்தான், மறுபடி விற்பதற்கென்று வாங்கிய மேசை நாற்காலிக்கு இந்த வழி கிடைக்காது.

உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சுக்கு உங்கள் பத்திரிகை வழியாக ஒரு கோரிக்கை வைக்கிறேன். பெரிய சாமான் விற்கிற ஒவ்வோர் இணையப் பக்கத்திலும் வாங்கு பொத்தானுக்கு மேலேயே, ‘குறையுள்ள பொருளை விற்பவரே தன் செலவில் எடுத்துக்கொள்வார்’ என்ற வரியைப் போடக் கட்டாயப்படுத்த வேண்டும். தீர்ப்பாயத்தின் பாரங்களை எப்படி நிரப்புவது என்ற விளக்கத்தைத் தமிழிலும் அச்சடித்து, தோட்டத்துக் கோயில்களிலும் தமிழ்ப்பள்ளிகளிலும் வைக்க வேண்டும். அடுத்த தீபாவளி விற்பனை தொடங்குவதற்கு முன்னால் இதைச் செய்தால் இன்னும் நல்லது.

வாசகி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு