துரை உன் வீட்டுக்கு வருமுன்

அன்பு நண்பனுக்கு,

வணக்கம். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. மகள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறாள் என்பதும், பெங்களூரில் அவள் வளர்த்து வந்த புல்டாக் துரை இனிப் பாளையங்கோட்டையில் உங்களோடு இருக்கப்போகிறான் என்பதும் மகிழ்ச்சியான செய்திகள். இங்கே நாங்கள் நலம். எங்கள் புல்டாக் பீமன் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. அவன் படுத்திருந்த மூலையில் எந்தப் பொருளையும் வைக்க எங்கள் இருவருக்கும் இன்னும் மனம் வரவில்லை. அவனை எட்டு வருடம் வளர்த்துக் கற்றதைத்தான் கீழே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் நீ கவனிக்க வேண்டியது அவனுடைய மூச்சை. நாய்க்கு நம்மைப்போல் உடம்பு முழுதும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் அது உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. புல்டாகுக்கோ முகம் தட்டை, மூக்குத் துவாரம் சிறிது, உள்ளே அண்ணத்தின் பின்புறத்து மென்சதை நீண்டு தொண்டையை அடைக்கிறது, மூச்சுக்குழலும் பல நாய்களுக்குக் குறுகலாகவே இருக்கிறது. காளையின் மீது நாயை ஏவும் விளையாட்டை இங்கிலாந்தில் 1835இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு நாய்க் கண்காட்சிகளுக்காக இந்த இனத்தின் முகத்தைத் தலைமுறை தலைமுறையாகக் குட்டையாக்கிக்கொண்டே வந்தார்கள். யாரோ அழகென்று நினைத்துச் செய்ததை இந்தப் பிராணி ஒவ்வொரு மூச்சிலும் சுமக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஒரு ஏப்ரல் மாதம் காலை எட்டு மணிக்குப் பீமனோடு நடந்து திரும்பும்போது, தெருமுனையில் ஒருவரோடு பேசிக்கொண்டு கால் மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டேன். வீட்டு வாசலை அடைந்ததும் அவன் சரிந்து விழுந்தான். நாக்கு கருஞ்சிவப்பாகிவிட்டது, வாயில் நுரை. பதற்றத்தில் ஈரத் துண்டால் அவனைப் போர்த்திக்கொண்டு மருத்துவரிடம் ஓடினேன். சாதாரணமாக 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்க வேண்டிய சூடு அப்போது 106ஐத் தொட்டிருந்தது. உடம்பின் மீது கிடக்கும் ஈரத் துண்டு சீக்கிரமே சூடாகி வெப்பத்தை வெளியேறவிடாது என்றும், குழாய்த் தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி, மின்விசிறியைப் போட்டு, அதன்பின் கிளம்பியிருக்க வேண்டும் என்றும் மருத்துவர் சொன்னார். அன்று அவன் பிழைத்தான். நீ இதை நினைவில் வைத்துக்கொள்.

ஆகவே பாளையங்கோட்டை வெயிலுக்கு, காலையில் ஆறு மணிக்கு முன்னும் மாலையில் நன்றாக இருட்டிய பின்னும் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் போதும். புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து விநாடி வைத்துப் பார். உன்னால் பொறுக்க முடியாத சூட்டை அவன் பாதமும் பொறுக்காது. கழுத்துப் பட்டை தொண்டையை இறுக்கும் என்பதால் மார்புப் பட்டையே போடு. தாமிரபரணிப் படித்துறைக்கு அவனை அழைத்துப் போகும் ஆசை உனக்கு வரும் என்று எனக்குத் தெரியும், தயவுசெய்து வேண்டாம். கனத்த தலையும் மார்பும் குட்டைக் கால்களும் கொண்ட புல்டாகால் நீந்த முடியாது, மூழ்கிவிடும்.

அடுத்தது தோல் மடிப்புகள். மூக்கின் மேலும் கன்னத்திலும் உள்ள மடிப்புகளுக்குள் கண்ணீரும் எச்சிலும் தங்கினால், சில நாட்களிலேயே பூஞ்சையும் கிருமியும் பெருகி, தோல் சிவந்து நாற்றமெடுக்கும். நைந்த வேட்டியைத் துண்டு துண்டாகக் கிழித்து வைத்துக்கொள். ஒன்றை நனைத்துப் பிழிந்து ஒவ்வொரு மடிப்பையும் விரித்துத் துடைத்துவிட்டு, உலர்ந்த இன்னொன்றால் ஈரம் துளியும் இல்லாமல் ஒற்றி எடு. துடைப்பதைவிட உலர்த்துவதே முக்கியம். பவுடர் போடாதே, அது ஈரத்தில் கட்டிக்கொள்ளும். சுருண்ட வாலுக்கு அடியில் ஒரு குழி இருக்கும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை, நானும் முதல் வருடம் பார்க்கவில்லை. பீமன் தரையில் பின்புறத்தைத் தேய்க்கத் தொடங்கிய பிறகுதான் உள்ளே புண்ணாகியிருந்தது தெரிந்தது.

வாரம் ஒரு முறை காதைத் துடைப்பதும், நகம் தரையில் தட்டும் சத்தம் கேட்டால் வெட்டிவிடுவதும் எல்லா நாய்க்கும் உள்ளவைதான். ஆனால் கண்ணின் உள்முனையில் செர்ரிப் பழம்போல் சிவந்த சதை பிதுங்கினால் உடனே மருத்துவரிடம் காட்டு. அது கண்ணீர் சுரக்கும் சுரப்பி. வெட்டி எடுத்துவிட்டால் பின்னால் கண் வறண்டுபோகலாம், ஆகவே உள்ளே வைத்துத் தைக்க முடியுமா என்று கேள். எந்த அறுவைச் சிகிச்சையானாலும், மயக்க மருந்து இந்த முகத்துக்குக் கூடுதல் ஆபத்து என்பதால், தட்டைமுக நாய்களைப் பார்த்துப் பழகிய மருத்துவராகத் தேடிக்கொள்.

சாப்பாட்டில்தான் தங்கச்சியை நினைத்துக் கவலைப்படுகிறேன். கேட்டு நிற்கும் முகத்துக்கு இல்லையென்று சொல்ல அவருக்கு வராது. வளர்ந்த ஆண் புல்டாகின் எடை சுமார் 25 கிலோ. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு கிலோவும் மூச்சையும் இடுப்பு மூட்டையும் சிரமப்படுத்தும். அளந்து இரண்டு வேளை கொடுங்கள். தடவிப் பார்த்தால் விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். வெங்காயமும் சாக்லேட்டும் ஆகாது. பாயசத்தில் கிடக்கும் ஒரு சில உலர்திராட்சைகூடச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடலாம்.

பெங்களூரிலிருந்து அவனை விமானத்தில் கொண்டுவர நினைக்காதே. தட்டைமுக நாய்களைப் பல விமான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை, ஏற்றினாலும் நான் அனுப்பமாட்டேன். இரவில் ஏசி போட்ட காரில், தண்ணீருக்கு நிறுத்தி நிறுத்தி அழைத்து வா. முன்னங்கால்களுக்குப் பின்னால் அவன் மார்புச் சுற்றளவு எத்தனை அங்குலம் என்று மகளை அளந்து சொல்லச் சொல்; பீமனின் மார்புப் பட்டை இரண்டு இங்கே பத்திரமாக இருக்கின்றன, பொருந்துமானால் இந்த வாரமே அனுப்பிவைக்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்